மல்யுத்த ஷோவில் ‘பிராண்ட்’ என்றால் என்ன? கொங்குப் பக்கம் ஒரு ஷோ தொடங்க நினைப்பவர்களுக்கு

“அதெல்லாம் பொய்ச் சண்டைங்க, முன்னாடியே பேசி வெச்சுக்கறாங்க.” டிவியில் வரும் அமெரிக்க மல்யுத்த ஷோவான டபிள்யூ.டபிள்யூ.இ. பற்றிப் பேச்செடுத்தால் பாதிப் பேர் இந்த ஒரு வரியோடு கதையை முடித்துவிடுவார்கள். மீதிப் பேர் நேரெதிர். “நாலு ஜிம் பசங்களைப் பிடிச்சு, ஒரு ரிங்கைப் போட்டு, யூடியூப்ல விட்டம்னா பிச்சுக்கும்ங்க” என்பார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு என எங்கே பார்த்தாலும் ஜிம் முளைத்திருக்கும் காலத்தில் இந்த ஆசை வருவது இயல்புதான்.

இரண்டு தரப்புமே சண்டைதான் சரக்கு என்று நினைக்கிறது. ஒருவருக்கு அந்தச் சரக்கு போலி, இன்னொருவருக்கு அது சுலபமாகத் தயாரிக்கக்கூடியது. ஆனால் அங்கே விற்பனையாவது ஆட்கள். ஒரு பேரைக் கேட்டதும் ‘இனி இப்படி ஏதோ நடக்கப் போகிறது’ என்று கூட்டத்துக்குள் எழும் எதிர்பார்ப்புக்குத்தான் காசு. அந்த எதிர்பார்ப்பைத்தான் இந்தக் கட்டுரையில் பிராண்ட் என்கிறேன். லோகோ, கலர், மினுமினுப்பான பெல்ட் எல்லாம் அதன் மேல் ஒட்டும் பூச்சு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் நடக்கும் மல்யுத்தம் வேறு விளையாட்டு. அதில் யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் தெரியாது. இங்கே ரெஸ்லிங் என்று சொல்வது டிவியில் வரும் அந்த இன்னொன்றை.

## முடிவு தெரிந்த கதையை ஏன் பார்க்கிறோம்?

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும் ஊர்களில், பொன்னரும் சங்கரும் கடைசியில் என்ன ஆவார்கள் என்பது கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். கதை பல இரவுகள் நீளும். படுகளம் வரும்போது மாண்ட வீரர்களாக ஆட்கள் விழுவார்கள், தங்கை தங்காள் வந்து எழுப்புவாள். அந்த நேரத்தில் ஒருவர் எழுந்து, “இவரு நெசமா சாகலைங்க” என்று சொன்னால் ஊர் அவரை எப்படிப் பார்க்கும்? அது தெரியாமலா அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? சங்கர் எப்படி விழுகிறார், தங்காள் எப்போது வருகிறாள், உடுக்கை எந்த இடத்தில் வேகமெடுக்கிறது என்பதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அது சாமி காரியம், இது டிவி வியாபாரம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. முடிவை முன்பே தீர்மானித்திருந்தாலும் பார்க்கிறவரின் துடிப்பு குறையாது என்கிற அளவுக்கு மட்டும் இந்த ஒப்புமை போதும்.

ரெஸ்லிங் தொழிலில் இதற்கு ஒரு சொல் உண்டு: கேஃபேப். கதை உலகத்தை உண்மைபோலவே கடைசிவரை காப்பாற்றுவது என்று அர்த்தம். ஒரு காலத்தில் ரிங்கில் எதிரிகளாக இருப்பவர்கள் வெளியே ஒரே காரில்கூடப் போகக்கூடாது என்கிற அளவுக்கு இதைக் கடைப்பிடித்தார்கள். ரகசியத்தை உடைத்ததும் அவர்களேதான். விளையாட்டுத் துறைக்கான கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க, “நாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு” என்று 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆக, ‘பொய்’ என்று இன்று கண்டுபிடித்துச் சொல்பவர் முப்பது வருஷத்துக்கு மேல் தாமதம்.

முடிவு எழுதியது என்பதற்காக விழுவதும் பொய்யாகிவிடாது. ரிங்கின் தளம் இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, மேலே கித்தான். அவ்வளவுதான். 1998-இல் மிக் ஃபோலி என்ற ரெஸ்லரை, அண்டர்டேக்கர் என்ற பேரில் ஆடிய ரெஸ்லர் சுமார் 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து தள்ளியபோது, கீழே இருந்த மேசை நிஜமாகவே நொறுங்கியது. 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரவேண்டிய ஓவன் ஹார்ட் என்ற ரெஸ்லர், பிடிப்பு விட்டு விழுந்து இறந்தே போனார். ‘ஜிம் பசங்க போதும்’ என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உடம்பு இருப்பது வேறு, விழத் தெரிவது வேறு. விழக் கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும்.

## நல்லவன், கெட்டவன், எழுதுகிறவர்

கூட்டம் கைதட்ட வேண்டிய ஆளுக்கு ஃபேஸ் என்று பெயர். கூட்டம் திட்ட வேண்டிய ஆள் ஹீல். ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவினால் அது டர்ன். யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது, பகை எத்தனை வாரம் ஓடுவது என்று முடிவு செய்யும் வேலை புக்கிங். இந்த நான்கு சொற்கள் தெரிந்தால் போதும், எந்த ஷோவையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

டர்னுக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஹல்க் ஹோகன். சிவப்பும் மஞ்சளும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை நோக்கி “சாமி கும்பிடுங்க, வைட்டமின் சாப்பிடுங்க” என்று சொன்ன மனிதர். 1996 ஜூலையில், டபிள்யூ.டபிள்யூ.இ.யின் அன்றைய போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் மேடையில், காப்பாற்ற வருகிறார் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் எதிரிகளோடு சேர்ந்துகொண்டார். கூட்டம் ரிங்குக்குள் குப்பையை அள்ளி வீசியது. பல வருஷம் சேர்த்த நல்ல பேர் இருந்ததால்தான் அந்தத் துரோகத்துக்கு அவ்வளவு மதிப்பு. யாரென்றே தெரியாத ஒருவர் கட்சி மாறினால் யார் கவலைப்படப் போகிறார்கள்?

இதுவரை பார்த்தது: முடிவு எழுதியது, வலி நிஜம், கூட்டம் வருவது ஆட்களுக்காக. இனி அந்த ஆள் எப்படி உருவாகிறார் என்று பார்ப்போம்.

## ஒரே ஆள், மூன்று வேஷம்

கிளென் ஜேக்கப்ஸ் என்று ஒருவர். ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், நல்ல பலம், ரிங்கில் வேலை தெரிந்தவர். 1995-இல் இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் அவருக்குக் கொடுத்த கிம்மிக் பல் டாக்டர். (கிம்மிக் என்றால் பேர், உடை, பேச்சு, பழக்கம் எல்லாம் சேர்ந்த வேஷப் பொட்டலம்.) வில்லன் ஒருவரின் பல் டாக்டர் வந்து ஹீரோவை அடிக்கிறார், இதுதான் கதை. ஒருவரும் பயப்படவில்லை. பல் டாக்டரிடம் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பயம், ரிங்கில் எதற்கு?

1996-இல் இரண்டாவது வேஷம். அந்த நிறுவனத்தில் டீசல் என்ற பேரில் கொடிகட்டிப் பறந்த கெவின் நாஷும், ரேசர் ரமோனாக இருந்த ஸ்காட் ஹாலும் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். ‘பேர் எங்களுடையது, உடை எங்களுடையது’ என்று நிறுவனம் வேறு இரண்டு பேருக்கு அதே உடையை மாட்டி அனுப்பியது. அந்தப் போலி டீசல் நம் ஜேக்கப்ஸ்தான். அதே கறுப்புக் கையுறை, அதே நடை. கூட்டம் கூச்சல் போட்டு விரட்டியது. உடையைக் காப்பியடித்தால் பிராண்ட் வந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அண்டர்டேக்கர் மாதிரி ஒரு தொப்பியை வாங்கி நம் ஊர்ப் பையனுக்கு மாட்டலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் அந்தப் போலி டீசலைப் பார்த்துவிட்டு வரட்டும்.

மூன்றாவது வேஷம் கேன். இதை அவர்கள் ஆற அமரச் செய்தார்கள். 1997-இல் பல மாதங்கள், ‘அண்டர்டேக்கரின் தம்பி சாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறான்’ என்று அண்டர்டேக்கரின் முன்னாள் மேலாளர் பால் பேரர் திரும்பத் திரும்பச் சொன்னார். சின்ன வயதில் வீடு தீப்பிடித்து எரிந்ததாம், அதில் தம்பி செத்துவிட்டதாக அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தாராம். ஆள் யாரென்று காட்டவே இல்லை. அந்த அக்டோபரில், அண்டர்டேக்கர் கூண்டுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. சிவப்பு உடையும் முகமூடியுமாக ஒருவர் நடந்து வந்து கூண்டின் கதவைப் பிய்த்து எறிந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கீழே இறக்கினார், ரிங்கின் நான்கு மூலைக் கம்பங்களிலும் தீ எழும்பியது.

அதற்குப் பிறகு செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். ‘என் ரத்தத்தோடு நான் மோதமாட்டேன்’ என்று அண்டர்டேக்கர் மாதக்கணக்கில் அடிவாங்கிக்கொண்டே இருந்தார். 1998 மார்ச்சில்தான் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். பங்காளிச் சண்டை எவ்வளவு நாள் புகைந்துகொண்டே இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பல் டாக்டரும் போலி டீசலும் கேனும் ஒரே ஆள், ஒரே உயரம், ஏறக்குறைய அதே திறமை. மூன்றாவது தடவை மட்டும் அவருக்கு ஓர் உறவு இருந்தது, ஒரு காயம் இருந்தது, கூட்டமும் செய்து பார்க்கக்கூடிய ஒரு கைச்சைகை இருந்தது, பொறுமையாக எழுதிய புக்கிங் இருந்தது. அதே ஜேக்கப்ஸ் 2018-இல் டென்னசி மாகாணத்தில் நாக்ஸ் கவுண்டியின் மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது தனிக்கதை.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு டிரம்ப் கார்டு நினைவிருக்கும். பெட்டிக்கடையில் வாங்கிய சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ரெஸ்லரின் போட்டோ, பேர், அதற்குக் கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று எண்கள். கேபிள் இல்லாத வீட்டுப் பையனும் “வெயிட்!” என்று சொல்லி, மலைபோல இருக்கும் யோகோசுனாவின் சீட்டை இறக்குவான். ஒரு சண்டைகூடப் பார்க்காமல், ஒரு முகமும் ஒரு பேருமாக அந்த ஆட்கள் கோபிச்செட்டிபாளையம் வரை வந்து சேர்ந்தார்கள். புதிதாக ஒரு பாத்திரம் எழுதுகிறீர்களா? அந்தச் சீட்டில் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் இன்னும் கதை தெளியவில்லை.

## ஆளுக்கு மேலே இரண்டு அடுக்கு

ஷோவுக்கும் ஒரு பிராண்ட் உண்டு. 2001-இல் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வை விலைக்கு வாங்கியதும், ஆட்கள் எக்கச்சக்கமாகச் சேர்ந்துவிட்டார்கள். 2002-இல் அவர்களை ரா, ஸ்மாக்டவுன் என்று இரண்டு ஷோவுக்குப் பிரித்தார்கள். ஒன்று சிவப்பு, மற்றது நீலம். அந்தத் தொழிலில் ஒவ்வொன்றையும் ‘பிராண்ட்’ என்றே சொல்வார்கள். ரசிகர்கள் ‘பிராண்ட் பிரிப்பு’ என்று பேசுவது இதைத்தான். ஒரே முதலாளி, ஒரே கணக்குப் புத்தகம், ஆனால் பார்ப்பவருக்கு இரண்டு கட்சி. 2011-இல் கலைத்தார்கள், 2016-இல் மறுபடி பிரித்தார்கள்.

மேல் அடுக்கு, நிறுவனத்தின் பேர். பாண்டா கரடியைச் சின்னமாக வைத்திருக்கும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கும் இவர்களுக்கும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற ஒரே சுருக்கப் பேர். வழக்கில் தோற்று, 2002-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனார்கள். நம் ஊரில் இன்னமும் பழைய பேரைச் சொல்கிறவர்கள் உண்டு. பழகிய பேர் அவ்வளவு சீக்கிரம் நாக்கைவிட்டுப் போகாது.

## டிவிக்கு எந்த அச்சு?

ரா 1993 ஜனவரியில் தொடங்கியது. வாராவாரம், வருஷம் முழுக்க வருவது ஓர் அச்சு, அதாவது ஷோவின் வடிவம். மற்ற விளையாட்டுகளில் சீசன் முடிந்தால் ஓய்வு, இதில் இல்லை. ரா ஷோவையும் வேறு சிலவற்றையும் காட்டுவதற்காக நெட்ஃப்ளிக்ஸ் பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டதன் ரகசியமும் இந்த ஓயாத வாரக்கணக்குதான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் இந்த அச்சைத் தொடவே கூடாது என்பேன். எழுதுகிறவர் மூன்றே மாதத்தில் வற்றிவிடுவார்.

இன்னொரு அச்சு, சீசன். 2014 முதல் 2018 வரை அமெரிக்காவில் வந்த லூச்சா அண்டர்கிரவுண்ட் இப்படித்தான். அரங்குக்குக் ‘கோயில்’ என்று பேர், சண்டைகளுக்கு நடுவே சினிமாபோல எடுத்த காட்சிகள். இந்தியாவிலும் ஒன்று நடந்தது. டி.என்.ஏ. என்ற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனம் புனேயில் படம்பிடித்த ரிங் கா கிங், 2012-இல் கலர்ஸ் சேனலில் வந்தது. ஹர்பஜன் சிங்கைக்கூட விளம்பரத்துக்குச் சேர்த்திருந்தார்கள். ஒரே சீசனோடு நின்றுவிட்டது. முதல் சாம்பியன் மேட் மார்கன் என்ற அமெரிக்கர். நம் ஊர் ரசிகரைப் பிடிக்க வந்த ஷோவில் முதல் பெல்ட்டை வெளியாளுக்குக் கொடுத்தது ஏன் என்று எனக்கு இன்னமும் ஆறவில்லை.

மூன்றாவது, பயிற்சிப் போட்டி. 2001-இல் எம்.டி.வி.யில் தொடங்கிய டஃப் இனஃப். ஆள் தேறுவதையே கதையாகக் காட்டுவது. செலவு குறைவு, பார்ப்பவருக்கு ஆளோடு உறவும் ஏற்பட்டுவிடும். முதல் முயற்சிக்கு இதையும் சீசனையும் கலப்பது நல்லது.

## கொங்குக்கு ஒரு ஷோ: ‘சந்தை’

சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டு யோசனை தராமல் போனால் நன்றாக இருக்காது. என் யோசனை, சந்தை. பொள்ளாச்சி, புன்செய் புளியம்பட்டி, ஈரோடு கருங்கல்பாளையம் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு மாட்டுச்சந்தை ஊரின் பேரில் ஒரு பாகம். ஆட்கள் வரும்போது துடும்பு அடிக்கட்டும். ராக் இசையெல்லாம் வேண்டாம்.

கதையின் அச்சாணி தரகர். மாட்டுச்சந்தையில் விலை பேசுவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் கையையும் எதிராளி கையையும் மூடிக்கொள்வார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை. வாய் திறப்பதில்லை. சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது, முகத்தை மட்டும் பார்க்கலாம். ஒருவர் தலையை ஆட்டுவார். இன்னொருவர் கையை உதறிவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடி கையை நீட்டுவார்.

ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் ஒரு தரகரும் ஒரு ரெஸ்லரும் துண்டுக்குள் கையை விடுகிறார்கள். கேமரா முகத்தில் நிற்கிறது. விலை படிந்ததா? அடுத்த வாரம் அவர் வேண்டுமென்றே தோற்பாரா? டர்ன் வரப்போகிறதா என்று ஒரு வாரம் முழுக்கப் பேச வைக்க ஒரு துண்டு போதும். வெளிநாட்டு ஷோ எதிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஹீல் யார்? திருப்பூரிலிருந்து ஒரு செக்கிங் மாஸ்டர். பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இவர் ஜெயித்ததும் தோற்றவர் நெற்றியில் அதை ஒட்டுவார். “கோவிச்சுக்காதீங்ணா, பீஸ்ல டேமேஜ் இருக்குதுங்க.” கத்தவே மாட்டார். இந்தப் பக்கத்துப் பேச்சில் மரியாதைக்கு ஒரு ‘ங்க’ எப்போதும் உண்டு. அதே மரியாதையோடு ஒருவர் காலை வாரினால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது வாரம் கூட்டமே ஸ்டிக்கர் ரோலோடு வரும்.

நல்லவர் பக்கம், அவருடைய மேசையிலேயே வேலை பார்த்து, “அம்மிணி, நீங்களே டேமேஜ் பீஸுங்க” என்று வேலையைவிட்டு நிறுத்தப்பட்ட ஒரு பெண். இப்போது அவள் ஒரு ரெஸ்லரின் மேலாளர். எந்த ஆளிடம் எங்கே ஓட்டை என்று பார்க்க அவளுக்கும் தெரியும். சீசன் முடியும்வரை அந்த ஸ்டிக்கரை அவள் கையில் கொடுக்கவே கூடாது. கடைசிப் பாகத்தில்தான்.

ஒன்றைத் தொடவே வேண்டாம், சாதி. நல்லவன் கெட்டவன் என்று பிரித்துவிட்டு அதில் சாதி அடையாளத்தை ஒட்டினால், அடுத்த சண்டை ரிங்குக்கு வெளியேதான் நடக்கும். இன வெறுப்பைக் கிளப்பிச் சுலபமாகக் கூச்சல் வாங்கும் பழக்கம் டபிள்யூ.டபிள்யூ.இ.க்கும் இருந்தது. முகமது ஹாசன் என்ற அரபு-அமெரிக்க ஹீலை முகமூடி ஆட்களோடு காட்டிய காட்சி, 2005 ஜூலையில் லண்டன் குண்டுவெடிப்பு நடந்த அதே நாளில் ஒளிபரப்பானது. பெரிய எதிர்ப்பு, அந்தப் பாத்திரத்தையே தூக்கவேண்டியதாயிற்று. நடித்தவர் இத்தாலிய வம்சாவளி.

## பனியனும் பேரும்

டிக்கெட்டைத் தாண்டி வரும் காசில் பனியன் முக்கியமானது. 1996-இல், பைபிள் வசனம் சொல்லிக்கொண்டிருந்த எதிரியைத் தோற்கடித்த ஸ்டீவ் ஆஸ்டின், ‘ஆஸ்டின் 3:16’ என்று, யோவான் 3:16 என்ற வசன எண்ணைக் கிண்டலடித்தார். கறுப்பு பனியனில் வெள்ளை எழுத்தில் அதை அச்சடித்து விற்றார்கள், அமெரிக்கா முழுக்கப் பறந்தது. துணியும் பிரிண்டும் திருப்பூரில் எவரும் போட்டுக் கொடுப்பார்கள். அதில் என்ன எழுதுவது என்பதுதான் கிடைக்காத சரக்கு. ‘பீஸ்ல டேமேஜ் இருக்குதுங்க’ என்று ஒரு பனியன் வந்தால் நானே வாங்குவேன்.

கடைசியாக ஒரு காகித வேலை. நாஷும் ஹாலும் போனபோது டீசல், ரேசர் ரமோன் என்ற பேர்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். டட்லி பாய்ஸ் என்று புகழ்பெற்ற ஜோடி வேறு நிறுவனத்துக்குப் போனதும் டீம் 3டி ஆனது. பேர் ஆளிடமும் இல்லை, ரசிகரிடமும் இல்லை, பதிவு செய்தவரிடம் இருந்தது. இந்திய வர்த்தகக் குறிப் பதிவில் பொழுதுபோக்குக்கு 41-ஆம் வகுப்பு, உடைக்கு 25-ஆம் வகுப்பு. ஷோவின் பேரையும் பாத்திரங்களின் பேரையும் இரண்டிலும் பதியலாம். செக்கிங் மாஸ்டராக நடிக்கும் தம்பி நாளைக்கு வேறு சேனலுக்குப் போனால் அந்தப் பேரும் வசனமும் யாரோடு போகும், பனியன் விற்ற காசில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதல் பாகம் படம்பிடிக்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். துண்டுக்குள் பேசுவது ஷோவில் மட்டும் இருக்கட்டும்.